எக்ஸ்ஆர்க் செயலியை விழுங்கும்போது எங்கே தேடுவது?

லினக்ஸ் கணினி மந்தமாகி விசிறி இரையத் தொடங்கும்போது எந்த நிரல் செயலியை (சிபியு) எவ்வளவு பயன்படுத்துகிறது என்று காட்டும் டாப் கட்டளையை ஓட்டிப் பார்ப்பவர்களில் பலர், பட்டியலின் தலையில், திரையில் வரையும் வேலையைக் கவனிக்கும் டிஸ்ப்ளே சர்வரான எக்ஸ்ஆர்க்கின் பெயர் 80, 90 என்ற சதவீதத்தோடு நிற்பதைக் கண்டிருப்பார்கள். உடனே டிரைவரை மாற்றுவது, டெஸ்க்டாப்பை மாற்றுவது, கடைசியில் லினக்ஸையே புதிதாக நிறுவுவது என்று வைத்தியம் தொடங்கிவிடுகிறது. நோய் எதுவென்று தெரியாமல் செய்யும் இந்த வைத்தியம் சில வேளை பலிக்கவும் செய்யும். ஆனால் ஏன் பலித்தது என்பது தெரியாததால், அதே தொல்லை திரும்பும்போது மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும். டிஸ்ப்ளே சர்வர் செய்யும் வேலை என்ன, அந்தச் சதவீதம் யாருடைய கணக்கு என்ற இரண்டையும் புரிந்துகொண்டால், தேடவேண்டிய இடம் பெரும்பாலும் எக்ஸ்ஆர்க்குக்கு வெளியே இருப்பது தெரியவரும்.

யாருடைய வேலை, யாருடைய கணக்கு

எக்ஸ்ஆர்க்குக்கு அடிப்படையான எக்ஸ் விண்டோ சிஸ்டம் 1984-ல் எம்ஐடியில் உருவானது. இன்றும் புழக்கத்தில் இருக்கும் எக்ஸ்11 நெறிமுறை 1987-ல் வெளிவந்தது. இந்த ஏற்பாட்டில் பிரவுசரோ எடிட்டரோ தானே போய்த் திரையில் எதையும் வரைவதில்லை. ‘இந்த அளவில் ஒரு சாளரம் வேண்டும்’, ‘இந்தப் படத்தை இந்த இடத்தில் வை’, ‘இந்த எழுத்துகளை இங்கே எழுது’ என்று, நிரல்கள் தமக்குள் செய்தி பரிமாறும் இணைப்பான சாக்கெட் வழியாகக் கோரிக்கை அனுப்புகிறது. கோரிக்கை அனுப்பும் நிரல் கிளையன்ட். அதை வாங்கி நிறைவேற்றும் எக்ஸ்ஆர்க் சர்வர். விசைப்பலகையும் மவுஸும் தரும் நிகழ்வுகளைப் படித்து, உரிய சாளரத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் சர்வரின் பொறுப்புதான்.

இதில் ஒரு விளைவு ஒளிந்திருக்கிறது. கோரிக்கை அனுப்புவது மலிவான வேலை. அதை நிறைவேற்றுவதே செலவு பிடிக்கும் வேலை. ஒரு பெரிய படத்தை வினாடிக்கு 60 முறை மாற்றச் சொல்லும் சின்னஞ்சிறு நிரல், டாப் பட்டியலில் 3 சதவீதத்தோடு அடக்கமாக உட்கார்ந்திருக்க, அதன் சொற்படி வரைந்துகொண்டிருக்கும் எக்ஸ்ஆர்க் 60 சதவீதத்தோடு மாட்டிக்கொள்ளும். அலுவலகம் முழுவதற்கும் ஒரே தட்டச்சர் இருந்து, எல்லாப் பிரிவினரும் அவர் மேசையில் தாள்களைக் குவித்துவிட்டுப் போனால், வேலை முடியாததற்கு அவரைக் குறைசொல்வது எவ்வளவு நியாயமோ அவ்வளவுதான் எக்ஸ்ஆர்க்கைக் குறைசொல்வதும். எனவே முதல் கேள்வி, ‘எக்ஸ்ஆர்க்குக்கு என்ன ஆயிற்று’ என்பதன்று. ‘யார் இவ்வளவு வேலை கொடுக்கிறார்கள்’ என்பதே. அந்த வேலையை அது எப்படிச் செய்கிறது, கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டா அல்லது செயலியைக் கொண்டா என்பது அடுத்த கேள்வி.

சதவீதத்தைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. டாப் வழக்கமாகக் காட்டும் கணக்கில் 100 என்பது செயலியின் ஒரு கோர் முழுவதையும் குறிக்கும்; 8 கோர்கள் உள்ள கணினியில் உச்சவரம்பு 800. எக்ஸ்ஆர்க்கோ கோரிக்கைகளை நிறைவேற்றும் வேலையை ஒரே த்ரெட்டில்தான், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டுமே ஓடக்கூடிய ஒற்றை வேலைச்சரத்தில்தான், செய்கிறது. ஆகவே அது 100-ஐ நெருங்கிவிட்டால், மற்ற ஏழு கோர்களும் சும்மா கிடந்தாலும் அதற்கு மேல் அதனால் ஓட முடியாது. மொத்தச் செயலியையும் 100 என்று கொண்டு காட்டும் வரைகலைக் கண்காணிப்பு நிரல்களில் இதே நிலை வெறும் 12 அல்லது 13 சதவீதமாகத் தெரியும் என்பதால், ‘செயலி காலியாகத்தானே இருக்கிறது, பின் ஏன் சாளரங்கள் நகரவில்லை’ என்ற குழப்பம் வருகிறது. 2016-ல் வந்த 1.19 பதிப்பிலிருந்து மவுஸ், விசைப்பலகை ஆகியவற்றைப் படிக்கும் வேலை மட்டும் தனித் த்ரெட்டுக்குப் போய்விட்டது. மவுஸ் அம்பு வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் எந்தச் சாளரமும் அசையவில்லை என்ற காட்சியைக் கண்டால், முதன்மைத் த்ரெட் கோரிக்கைகளில் மூழ்கிக் கிடக்கிறது என்று ஊகிக்கலாம்.

வீடியோ ஓடும்போதும், சாளரத்தைப் பிடித்து இழுக்கும்போதும், நீண்ட பக்கத்தை வேகமாக உருட்டும்போதும் சதவீதம் ஏறத்தான் செய்யும், அது நோயன்று. கையை விசைப்பலகையிலிருந்தும் மவுஸிலிருந்தும் எடுத்துவிட்டு, திரையில் எதுவும் அசையாத நிலையில் அரை நிமிடம் காத்திருந்து பாருங்கள். எக்ஸ்ஆர்க் ஒன்றிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் கவலைப்பட ஏதுமில்லை. எதுவும் நடக்காதபோதும் 20, 30 என்று நின்றுகொண்டே இருந்தால்தான் ஆராய வேண்டும்.

அளக்கப் போய்க் கூட்டிவிடாமல் இருக்க

எக்ஸ்ஆர்க்கை அதே திரையில் திறந்த டெர்மினலில் இருந்து ஆராய்வதில் ஒரு பொறி இருக்கிறது. டெர்மினலும் ஒரு கிளையன்ட்தான். எக்ஸ்ஆர்க் லினக்ஸின் கருவான கர்னலிடம் செய்யும் ஒவ்வோர் அழைப்பையும் அச்சிடும் எஸ்ட்ரேஸ் கட்டளையை அங்கே ஓட்டினால், ஒரு வரி அச்சாவதற்காக டெர்மினல் எக்ஸ்ஆர்க்கிடம் வரையச் சொல்லும். வரைவதற்காக எக்ஸ்ஆர்க் செய்யும் அழைப்புகள் புதிய வரிகளாகும். அந்த வரிகளை வரைய மேலும் அழைப்புகள். சில நொடிகளில் திரை அருவியாகக் கொட்டத் தொடங்கிவிடும், சதவீதமும் எகிறும். பிழை தேட உதவும் ஜிடிபி டீபக்கரை எக்ஸ்ஆர்க்கோடு இணைப்பது இன்னும் மோசம். டீபக்கர் சர்வரை நிறுத்திவைக்கும். நிறுத்தப்பட்ட சர்வரால் டீபக்கரின் சாளரத்தை வரைய முடியாது, நீங்கள் தட்டும் விசையையும் கொண்டுசேர்க்க முடியாது. அத்தோடு திரை உறைந்துவிடும்.

இதற்குச் சரியான வழி, வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் மூலம் உள்ளே நுழைந்து அளப்பது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்திக் கிடைக்கும் எழுத்துத் திரைக்குப் போகலாமே என்று தோன்றும். அங்கே போனவுடன் எக்ஸ்ஆர்க் திரையின் உரிமையைக் கைவிட்டு ஒதுங்கி நிற்கும் என்பதால், நீங்கள் அளக்க விரும்பிய நிலையே கலைந்துவிடும். உறைந்துபோன நிரலை மூடுவதற்கு அந்த எழுத்துத் திரை நல்லது, அளப்பதற்கு அவ்வளவு நம்பகமானதன்று. இரண்டாவது கணினி இல்லாவிட்டால், கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, டெர்மினலைச் சிறிதாக்கி வைத்து, பிறகு கோப்பைத் திறந்து படியுங்கள்.

வேலை கொடுப்பவரைப் பிடிப்பது

திறந்திருக்கும் நிரல்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவது எல்லோருக்கும் தோன்றும் வழி. அது சரியான வழியும்கூட. ஆனால் மூடிய நிரலைத் திரும்பத் திறந்தால் அதே தொல்லை உடனே வரும் என்ற உறுதி இல்லை. ஒரு நாள் முழுக்க ஓடிய பிறகு மட்டுமே சீர்கெடும் நிரல்கள் உண்டு. மூடிவிட்டால் தடயமும் போய்விடும். அதனால் மூடாமல், அப்படியே உறைய வைத்துப் பார்க்கும் வழியை நான் முதலில் பரிந்துரைப்பேன்.

கில் கட்டளை பெயருக்கு ஏற்ப நிரல்களைக் கொல்ல மட்டும் பயன்படுவதன்று. ஒரு பிராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, எந்த சிக்னலையும் அனுப்ப அதைப் பயன்படுத்தலாம். ஸ்டாப் சிக்னலை அனுப்பினால் அந்த நிரல் நினைவகத்தில் இருந்தபடியே அசையாமல் நின்றுவிடும். கன்ட் சிக்னலை அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரு பக்கம் டாப் ஓடிக்கொண்டிருக்க, மறுபக்கம் சந்தேகத்துக்குரிய நிரல்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டாப் அனுப்பி, எதை நிறுத்தும்போது எக்ஸ்ஆர்க்கின் எண் சரிகிறது என்று கவனியுங்கள். 70-ல் நின்ற எண், பிரவுசரை நிறுத்தியதும் 4-க்கு இறங்கி, கன்ட் அனுப்பியதும் மறுபடி 70-க்கு ஏறினால், அதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை. எந்தெந்த நிரல்கள் சர்வரோடு இணைந்திருக்கின்றன என்று தெரியாவிட்டால் எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ் கட்டளை ஒரு பட்டியல் தரும். பேனலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குட்டி நிரல்கள் சில அதில் விடுபடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இதைச் செய்யும்போது இரண்டு எச்சரிக்கைகள். சாளரங்களின் இடத்தையும் அளவையும் கவனிக்கும் விண்டோ மேனேஜரை நிறுத்தினால் சாளரங்களை நகர்த்தவோ மாற்றவோ முடியாது. அதை எஸ்எஸ்ஹெச்சிலிருந்துதான் மீட்க வேண்டும். மெனு திறந்த நிலையில் உள்ள ஒரு நிரலை நிறுத்தினால், அது மவுஸையும் விசைப்பலகையையும் தன் பிடியில் வைத்திருப்பதால், திரை முழுவதுமே செத்துவிட்டதுபோல் தோன்றும். பதறாமல் கன்ட் அனுப்பினால் போதும்.

பிடிபட்டவர் உண்மையான காரணமா, இடைத்தரகரா என்ற கேள்வியும் இருக்கிறது. நிழல், ஒளிபுகும் தன்மை, அசைவுகள் போன்ற ஜோடனைகளைச் செய்யும் காம்போசிட்டர் இயங்கும் டெஸ்க்டாப்பில், ஏதோ ஒரு சாளரத்தின் மூலையில் சிறு மாற்றம் நிகழ்ந்தாலும் காம்போசிட்டர் விழித்துக்கொண்டு திரையை மறுபடி தொகுக்கும். எனவே காம்போசிட்டரை நிறுத்தியதும் எண் சரிந்தால், அதையே குற்றவாளி என்று தீர்த்துவிடக் கூடாது. அதை ஓயாமல் எழுப்பிக்கொண்டிருக்கும் மூலையைத் தேட வேண்டும். கேடிஇ டெஸ்க்டாப்பின் எக்ஸ்11 அமர்வில் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் காம்போசிட்டிங் தற்காலிகமாக அணையும். எக்ஸ்எஃப்சிஇயில் விண்டோ மேனேஜரின் கூடுதல் அமைப்புகளில் இதற்கான தேர்வு இருக்கிறது. ஜினோமில் அந்த வசதி கிடையாது.

அப்படித் தேடும்போது அகப்படுபவை பெரும்பாலும் அற்பமானவையாகவே இருக்கும். வினாடியைக் காட்டும் கடிகாரம், நெட்வொர்க் வேகத்தை வரைபடமாக ஓட்டும் பேனல் துணுக்கு, மிகக் குறுகிய இடைவெளியில் புதுப்பிக்கும்படி அமைத்த காங்கி என்ற கண்காணிப்பு நிரல், பின்னணியில் மறந்துபோன ஒரு டேபில் சுழன்றுகொண்டே இருக்கும் ஏற்றுதல் சின்னம், அசையும் வால்பேப்பர். கிராஃபிக்ஸ் முடுக்கம், அதாவது வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டே செய்யும் வசதி, சரியாக இருக்கும் கணினியில் இவை தெரியவே தெரியாது. அது இல்லாத கணினியில் ஒரு சுழலும் சின்னமே ஒரு கோரைத் தின்றுவிடும்.

ஒரு காரணத்தைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. திரை அமைப்பைக் காட்டவும் மாற்றவும் பயன்படும் எக்ஸ்ராண்டர் கட்டளையைச் சும்மா ஓட்டினால், எந்தெந்த மானிட்டர்கள் இணைந்திருக்கின்றன என்று ஒவ்வொரு இணைப்பையும் கேட்டறியும் வேலை நடக்கும். மானிட்டரோடு பேசும் அந்தப் பாதை மிக மெதுவானது. அந்த நேரத்தில் சர்வர் மற்றவர்களைக் காக்க வைக்கும். திரையின் அளவைத் தெரிந்துகொள்வதற்காகச் சில வினாடிக்கு ஒரு முறை எக்ஸ்ராண்டரை அழைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று பின்னணியில் இருந்தால், சீரான இடைவெளியில் திரை திக்கித் திக்கி நிற்கும். ஏற்கெனவே தெரிந்த நிலையை மட்டும் சொல்லும் ‘கரன்ட்’ விருப்பத்தைச் சேர்த்தால் அந்தத் திக்கல் நின்றுவிடும். ஒழுங்காக ஒரே இடைவெளியில் வரும் தடங்கலைக் கண்டால் டைமரில் ஓடும் ஏதோ ஒன்றைத் தேடுங்கள் என்பது பொதுவாகவே பயன்படும் குறிப்பு.

நினைவகத்தின் பக்கத்திலிருந்தும் ஒரு பார்வை தேவைப்படலாம். எக்ஸ்ரெஸ்டாப் என்ற சிறு கருவி, ஒவ்வொரு கிளையன்டும் சர்வருக்குள் எத்தனை படங்களை வைத்திருக்கிறது, அவை எவ்வளவு இடத்தை அடைத்திருக்கின்றன என்று காட்டும். ஒரே நிரலின் எண்ணிக்கை இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், அது வாங்கியதைத் திருப்பித் தராமல் இருக்கிறது என்று பொருள். எக்ஸ்ஆர்க்கின் நினைவகம் பெருகுவதற்கும் காலப்போக்கில் எல்லாம் மந்தமாவதற்கும் அதுவே காரணமாகலாம். அந்த நிரலை மூடியவுடன் சர்வர் அதன் உடைமைகளை விடுவித்துவிடும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் ஓடுகிறது

எல்லாக் கிளையன்டுகளையும் நிறுத்திய பிறகும் எண் இறங்காவிட்டால், வேலை கீழேயிருந்து, அதாவது சாதனங்களிலிருந்தோ டிரைவரிலிருந்தோ வருகிறது. பழுதடைந்த தொடுதிரை, யாரும் தொடாதபோதும் தொட்டதாக நிகழ்வுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். லிப்இன்புட் கருவியின் நிகழ்வுகளைக் காட்டும் கட்டளையையோ ஈவ்டெஸ்டையோ ஓட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், திரையில் வரி எதுவும் ஓடக் கூடாது. ஓடினால் எக்ஸ்இன்புட் கட்டளையால் அந்தச் சாதனத்தை அணைத்துப் பாருங்கள். மவுஸை நகர்த்தும்போது மட்டும் எண் ஏறுகிறது என்றால் அதன் நிகழ்வு வேகத்தைக் கவனியுங்கள்: சாதாரண யூஎஸ்பி மவுஸ் வினாடிக்கு 125 முறை நிலையைச் சொல்லும், விளையாட்டுக்கான மவுஸ்கள் 1000 முறையும், சில வகைகள் 8000 முறையும் சொல்லும். ஒவ்வொன்றையும் சர்வர் பரிசீலித்து, உரிய சாளரத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது.

தளர்ந்த மானிட்டர் கேபிளும் இதே போன்ற தொல்லை தரும். இணைப்பு அறுந்து அறுந்து சேரும்போதெல்லாம் கர்னல் ஒரு நிகழ்வை எழுப்ப, டெஸ்க்டாப் திரை அமைப்பை மறுபடி வாசிக்க, எல்லாம் சேர்ந்து சர்வரின் தலையில் விழும். சாதன நிகழ்வுகளைக் காட்டும் யூடெவ் கண்காணிப்புக் கட்டளையில் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரோடு வரிகள் விடாமல் வந்தால் கேபிளை மாற்றிப் பார்ப்பதே மலிவான சோதனை.

இதற்கு அப்பால் பெர்ஃப் கருவிதான் துணை. எக்ஸ்ஆர்க்கின் பிராசஸ் எண்ணைக் கொடுத்து, ரூட் (நிர்வாகி) உரிமையோடு பெர்ஃப் டாப் ஓட்டினால், செயலியின் நேரம் எந்த நூலகத்தின் எந்தச் செயற்கூறில் கழிகிறது என்று பட்டியலிடும். டீபக் சிம்பல்கள் நிறுவப்படாவிட்டால் செயற்கூறுகளின் பெயருக்குப் பதில் வெறும் முகவரிகள் வரும். அப்போதும் நூலகத்தின் பெயர் தெரியும் என்பதால், தொடக்கநிலையினருக்கு அதுவே பெரும்பாலும் போதும். பிக்ஸ்மேன் நூலகம் மேலே நின்றால், படங்களைக் கலக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் கார்டு அன்றி செயலியே செய்கிறது. நினைவகத்தை நகலெடுக்கும் செயற்கூறு மேலே நின்றால், யாரோ பெரிய படங்களைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். திரையைத் தொலைவிலிருந்து பகிரும் நிரல் ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள். கர்னலில் உள்ள கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயர் மேலே நின்றால் பிரச்சினை டிரைவரின் எல்லைக்குள் போய்விட்டது. எஸ்ட்ரேஸைத் திறந்தவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல்: அதில் அடிக்கடி தோன்றும் அலாரம் சிக்னல் பிழையின் அடையாளமன்று. எந்தக் கிளையன்டும் மிகைநேரம் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள எக்ஸ்ஆர்க் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் கடிகாரம் அது.

பிக்ஸ்மேன் மேலே நிற்கும் நிலைதான் நடைமுறையில் அடிக்கடி காணப்படுவது என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையின் சுருக்க வெளியீட்டில் ரெண்டரர் என்ற வரியைத் தேடுங்கள். அங்கே உங்கள் கிராஃபிக்ஸ் கார்டின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எல்எல்விஎம்பைப் என்று இருந்தால், லினக்ஸில் முப்பரிமாண வரைதலைக் கவனிக்கும் மேசா நூலகம் கார்டைப் பயன்படுத்த முடியாமல், அந்த வேலை முழுவதையும் செயலியிலேயே செய்துகொண்டிருக்கிறது. இந்த நிலையில் எந்தக் கிளையன்டைப் பிடித்தாலும் பயனில்லை, எல்லோருமே குற்றவாளிகளாகத்தான் தெரிவார்கள்.

இதற்குக் காரணங்கள் சில உண்டு. நிறுவும்போது திரை கருப்பாகிவிட்டது என்று நோமோட்செட் என்ற கர்னல் விருப்பத்தைச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் அதை நீக்க மறந்துவிடுவது முதன்மையானது. அந்த விருப்பம் இருக்கும்வரை, கர்னலோடு வரும் கிராஃபிக்ஸ் டிரைவர்கள் விழிக்கவே மாட்டா. தற்போது இயங்கும் கர்னல் எந்த விருப்பங்களோடு தொடங்கியது என்பதை ப்ராக் அடைவிலுள்ள சிஎம்டிலைன் கோப்பைப் படித்து ஒரு நொடியில் தெரிந்துகொள்ளலாம். கார்டுக்குத் தேவையான ஃபர்ம்வேர் பொதி நிறுவப்படாமல் இருப்பது, கர்னலைப் புதுப்பித்த பிறகு என்விடியாவின் டிரைவர் தொகுதி புதிய கர்னலுக்கேற்ப உருவாகாமல் போவது, முப்பரிமாண முடுக்கம் அணைக்கப்பட்ட மெய்நிகர் கணினிக்குள் லினக்ஸை ஓட்டுவது ஆகியவை மற்றவை.

எதுவென்று உறுதிசெய்ய எக்ஸ்ஆர்க்கின் பதிவுக் கோப்பைத் திறக்க வேண்டும். எக்ஸ்ஆர்க் ரூட் உரிமையோடு ஓடினால் அது வார் அடைவின் கீழுள்ள லாக் அடைவில் இருக்கும். பயனரின் உரிமையோடு ஓடினால் ஹோம் அடைவுக்குள் மறைந்திருக்கும் லோக்கல் அடைவின் கீழ், ஷேர், எக்ஸ்ஆர்க் என்ற வரிசையில் போய்ப் பார்க்க வேண்டும். பிறை அடைப்புக்குள் இரண்டு ‘ஈ’ இருக்கும் வரிகள் பிழைகள், இரண்டு ‘டபிள்யூ’ இருப்பவை எச்சரிக்கைகள். எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. பயன்படாத எழுத்துரு அடைவு இல்லை என்பது போன்றவற்றைக் கடந்துவிடலாம். எந்த டிரைவர் ஏற்றப்பட்டது என்பதே முக்கியம். மோட்செட்டிங், ஏஎம்டிஜிபியூ, என்விடியா போன்ற பெயர்கள் இருந்தால் பாதை சரி. வெசாவோ எஃப்பிடெவோ இருந்தால், கார்டு அடையாளம் தெரியாத பொருளாக நடத்தப்படுகிறது, முடுக்கம் எதுவும் கிடைக்காது.

எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வில் கணக்கு கொஞ்சம் மாறும். 2008-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் டிஸ்ப்ளே சர்வரும் காம்போசிட்டரும் ஒரே பிராசஸ். ஆகவே டாப் பட்டியலில் எக்ஸ்ஆர்க்குக்குப் பதில் ஜினோம் ஷெல்லோ கேவின் வேலண்டோ தலைதூக்கும். நிரல்கள் பெரும்பாலும் தங்கள் சாளரத்தைத் தாங்களே வரைந்து ஒப்படைப்பதால், வரைந்த செலவு வரைந்தவர் கணக்கிலேயே தெரிகிறது. குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அந்த அளவுக்கு எளிது. பழைய எக்ஸ் நிரல்களுக்காக ஓடும் எக்ஸ்வேலண்ட் மட்டும் மேலே சொன்ன எக்ஸ்ஆர்க் விதிகளுக்கு உட்பட்டது. ஜினோம் ஷெல் காரணமே இல்லாமல் ஓடினால் நான் முதலில் அணைத்துப் பார்ப்பது எக்ஸ்டென்ஷன்களை. அவை ஷெல்லின் பிராசஸுக்குள்ளேயே ஓடுவதால் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

தடயம் டிரைவருக்குள் போய் நின்றுவிட்டால், பயனர் செய்யக்கூடியது இரண்டுதான். முந்தைய கர்னலையோ மேசா பதிப்பையோ கொண்டு தொடங்கி, பழுது எப்போது நுழைந்தது என்று காண்பது ஒன்று. பெர்ஃப் பதிவு, எக்ஸ்ஆர்க்கின் பதிவுக் கோப்பு, கர்னல் மற்றும் மேசா பதிப்பு எண்கள், தொல்லையை மறுபடி வரவழைக்கும் வழி ஆகிய நான்கையும் சேர்த்துப் பிழை அறிக்கை எழுதுவது மற்றது. எக்ஸ்ஆர்க்குக்கும் மேசாவுக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கிட்லேபில் அதற்கான இடம் இருக்கிறது. என்விடியாவின் சொந்த டிரைவரானால், அதனோடு வரும் பிழை அறிக்கை ஸ்கிரிப்டைத் தொல்லை நடந்துகொண்டிருக்கும்போதே ஓட்டி, அது தரும் கோப்பை அந்நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும்.